மீன்களின் இனப்பெருக்கத்தைப் பிட்யூட்டரி செல்கள் ஆளும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனி, ஆடி மாதங்களில் மீன் குஞ்சு பொரிப்பகங்களில் சினை மீனுக்கு ஊசி போடும் வேலை மும்முரமாக நடக்கும். அந்த ஊசி மீனின் உடலுக்குள் எந்தச் செல்லை எழுப்புகிறது, ஒரு மீனில் பலிப்பது அடுத்த மீனில் ஏன் பலிப்பதில்லை என்று மீன் வளர்ப்போரும் மீன்வளம் படிக்கும் மாணவர்களும் தொடர்ந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கெண்டை, கெளுத்தி, கொடுவா, விலாங்கு போன்ற எலும்பு மீன்களைப் பற்றியே பேசுகிறோம். சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்களின் அமைப்பு வேறு என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

குளத்தில் வளரும் கட்லாவும் ரோகுவும் வயிறு நிறையச் சினை பிடித்தும் ஏன் தாமாக முட்டையிடுவதில்லை?

அவை மலட்டு மீன்கள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த மீன்கள் தென்மேற்குப் பருவமழையில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது, கரையோரத்தில் நீர் பரவி நிற்கும் ஆழம் குறைந்த இடங்களுக்கு ஏறிச் சென்று முட்டையிடப் பழகியவை. குளத்தில் தீனி கிடைக்கிறது, வெப்பம் போதுமானதாக இருக்கிறது; ஆகவே சினைப்பை வளர்ந்து, முட்டைகள் கருவுணவு நிரம்பி, கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. அந்தக் கடைசிப் படியை ஏற்றிவிட வேண்டியது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியின் ஒருவகைச் செல்கள் வெளியிடும் எல்.எச். என்ற ஹார்மோன். குளத்து மீனின் பிட்யூட்டரியை எடுத்துப் பார்த்தால் அந்த ஹார்மோன் அதில் நிறையவே இருக்கும், இரத்தத்தில்தான் ஏறியிருக்காது. செல் தன் சரக்கைச் செய்து கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறது, வெளியே அனுப்பும் உத்தரவு மூளையிலிருந்து வரவில்லை. பருவம் கடந்ததும் அந்த முட்டைகள் சினைப்பைக்குள்ளேயே சிதைந்து உடலால் உறிஞ்சப்பட்டுவிடும்.

தூண்டுமுறை இனப்பெருக்கம் என்று நாம் அழைப்பது முழுவதும் இந்த ஒரு தடையைச் சுற்றியே நடக்கிறது. அதனால் இதைப் புரிந்துகொள்ளாமல் ஊசியின் அளவை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது என்பது என் உறுதியான கருத்து.

பிட்யூட்டரி சுரப்பி மீனின் தலையில் எங்கே இருக்கிறது? கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்க முடியும். கெண்டையின் மண்டை ஓட்டைக் கண்களுக்கு மேலாகச் சாய்வாக வெட்டித் திறந்து, மூளையைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, நரம்புகளை அறுத்து மூளையை முன்பக்கமாகத் தூக்கினால், அதன் அடியில் எலும்பில் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழிக்குள் மெல்லிய சவ்வு மூடிய நிலையில் வெண்மையாக ஒரு மணி கிடக்கும். அதுதான் பிட்யூட்டரி. முதிர்ந்த கெண்டையிலும் அதன் எடை ஒரு சில மில்லிகிராம்தான். ஊசி முனையால் சவ்வைச் சுற்றிலும் கீறிவிட்டு, இடுக்கியால் நசுக்காமல் எடுக்க வேண்டும். சுரப்பி கிழிந்தால் ஹார்மோன் கசிந்து வீணாகும். மீன் சந்தையில் தலையை முழுதாக விற்க வேண்டிய இடங்களில், மண்டையின் பின்புறம் தண்டுவடம் நுழையும் துளை வழியாகவே சுரப்பியை எடுத்துவிடும் கைத்தேர்ச்சி பெற்றவர்கள் உண்டு.

அந்த ஒரு மணிக்குள் எத்தனை வகை ஹார்மோன் செல்கள் இருக்கின்றன?

சுரப்பியின் முன்னோரத்தில் புரோலாக்டின் செல்களும், மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஏ.சி.டி.எச். செல்களும் உள்ளன. நடுப்பகுதியில் வளர்ச்சி ஹார்மோன் செல்கள், தைராய்டைத் தூண்டும் செல்கள், இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் செல்கள் ஆகியவை இருக்கின்றன. பின்பகுதியில் தோல் நிறத்தை மாற்றும் எம்.எஸ்.எச். செல்களும், மீன்களுக்கே உரிய சொமேட்டோலாக்டின் செல்களும் அமைந்துள்ளன. பாலூட்டிகளின் பிட்யூட்டரியில் பல வகைச் செல்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். மீன்களில் அவை பெரும்பாலும் தத்தம் வட்டாரங்களில் கூடி வாழ்கின்றன. ஒரு ஹார்மோன் செல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்பவர்களுக்கு மீன் பிட்யூட்டரி விருப்பமான களமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனப்பெருக்கத்தை நேரடியாக ஆள்பவை நடுப்பகுதியில் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைச் செய்யும் செல்களும் எல்.எச். செல்களும் ஆகும்.

எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பாலூட்டிகளில் இருப்பதும் இவைதானா?

பெயரும் குடும்பமும் ஒன்றே. இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள் பொருந்திய புரதங்கள். ஒவ்வொன்றிலும் ஆல்ஃபா, பீட்டா என இரு துண்டுகள் உண்டு. ஆல்ஃபா துண்டு இரண்டுக்கும் பொதுவானது, எது எஃப்.எஸ்.எச்., எது எல்.எச். என்று நிர்ணயிப்பது பீட்டா துண்டு. மீன்களில் இப்படி இரண்டு தனித்தனி ஹார்மோன்கள் உள்ளன என்பதே 1980களின் இறுதியில், ஜப்பானிய ஆய்வாளர்கள் சால்மன் பிட்யூட்டரியிலிருந்து இரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகுதான் உறுதிப்பட்டது.

செல்களில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளில் பெரும்பாலும் ஒரே செல் இரண்டு ஹார்மோன்களையும் செய்கிறது. எலும்பு மீன்களிலோ எஃப்.எஸ்.எச்.ஐ ஒருவகைச் செல்லும் எல்.எச்.ஐ வேறொரு வகைச் செல்லும் செய்கின்றன. இந்தப் பிரிவினை எப்போதும் இரும்புச் சுவர் போல இருப்பதில்லை. மெடாகா என்ற சிறு ஜப்பானிய மீனின் எஃப்.எஸ்.எச். செல்களைச் சுரப்பியிலிருந்து பிரித்து வளர்ப்பூடகத்தில் வைத்தபோது, அவற்றில் சில எல்.எச்.ஐயும் செய்யத் தொடங்கியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இரண்டு செல்கள் தனித்தனியாக இருப்பதால் மீனுக்கு என்ன பயன்?

ஒன்று மாதக் கணக்கில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. மற்றொன்று சில மணி நேரத்தில் ஒரே வீச்சில் முடிக்க வேண்டிய வேலை. இரண்டையும் இருவேறு செல்களிடம் ஒப்படைத்தால் ஒன்றின் கட்டுப்பாடு மற்றொன்றைக் குலைக்காது.

ஜீப்ரா மீனில் நடந்த ஆய்வுகள் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டின. செல்களுக்கு ஒளிரும் நிறமூட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, எல்.எச். செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அடர்ந்த வலையாக அமைந்திருந்தன. அடுத்தடுத்த செல்களின் உட்புறத்தை நுண்துளைகள் இணைத்திருந்தன. மூளையின் தூண்டல் வந்ததும் அந்த வலை முழுவதும் ஒரே நேரத்தில் கிளர்ந்தது. எஃப்.எஸ்.எச். செல்கள் அந்த வலையின் ஓரங்களில் தளர்வாகச் சிதறியிருந்தன. அவற்றின் மறுமொழியும் ஆங்காங்கே, தனித்தனியாகவே எழுந்தது. ஒரே நாழிகையில் இலட்சக்கணக்கான முட்டைகளை முதிரச் செய்ய வேண்டிய ஹார்மோனுக்கு, எல்லாச் செல்களும் சேர்ந்து கதவைத் திறக்கும் அமைப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எஃப்.எஸ்.எச். செல்களின் வேலை என்ன?

முட்டையை வளர்ப்பது. ஒவ்வொரு முட்டையையும் சுற்றி இரு அடுக்குச் செல்கள் உறையாக அமைந்திருக்கின்றன. எஃப்.எஸ்.எச். அந்த உறையைத் தூண்டும்போது, வெளியடுக்கு டெஸ்டோஸ்டிரோனைச் செய்கிறது. உள்ளடுக்கு அதை வாங்கி எஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. எஸ்ட்ரடையால் இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய், அங்கே வைட்டலோஜெனின் என்ற கருவுணவுப் புரதத்தைச் செய்ய வைக்கிறது. அந்தப் புரதம் மீண்டும் இரத்தம் வழியே சினைப்பைக்கு வந்து, முட்டைக்குள் உறிஞ்சப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. பிட்யூட்டரி, சினைப்பை, கல்லீரல், மறுபடியும் சினைப்பை என்று சுற்றும் இந்தப் பயணம் ஒரு நாளில் முடிவதல்ல. குஞ்சு பொரித்து வெளியே வந்த பிறகும் முதல் சில நாட்களுக்குத் தன் வயிற்றில் சுமந்து செல்லும் உணவு முழுவதும் இந்தக் காலத்தில் சேர்ந்ததுதான்.

எஃப்.எஸ்.எச். தொடக்கத்திலும் எல்.எச். முடிவிலும் ஓங்கி நிற்கும் இந்த வரிசை சால்மன் குடும்ப மீன்களில் தெளிவாகத் தெரிகிறது. அடுத்தடுத்த முட்டைத் தொகுதிகள் ஒரே சமயத்தில் வளரும் மீன்களில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்திருப்பதால் அவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

எல்.எச். செல்கள் கதவைத் திறந்தால் சினைப்பையில் என்ன நடக்கிறது?

அதே உறைச் செல்கள் அதுவரை செய்துவந்த எஸ்ட்ரடையாலைக் குறைத்துக்கொண்டு, வேறொரு ஹார்மோனைச் செய்யத் தொடங்குகின்றன. கெண்டை, சால்மன் போன்ற பல மீன்களில் அது டி.எச்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரோஜெஸ்டின். ஜப்பானில் 1985இல் அமகோ சால்மனிலிருந்து பிரித்து அடையாளம் காணப்பட்ட இதுவே முட்டையை முதிரச் செய்யும் பொருள். இது முட்டையின் மேற்பரப்பில் ஒட்டியே தன் வேலையைத் தொடங்குகிறது. முட்டையின் நடுவில் இருந்த உட்கரு ஓரத்துக்கு நகர்கிறது, அதன் உறை கரைகிறது, நின்றுபோயிருந்த செல் பிரிவு மீண்டும் ஓடத் தொடங்குகிறது. பிறகு முட்டை தன் உறையிலிருந்து விடுபட்டுச் சினைப்பையின் குழிவுக்குள் விழுகிறது. இதன் பிறகே அது விந்தணுவை ஏற்கும் தகுதி பெறுகிறது. விழுந்த முட்டை நெடுநேரம் காத்திருக்காது. உரிய நேரத்தில் வெளியேறாவிட்டால் அதன் கருவுறும் திறன் வேகமாகக் குறைந்துவிடும்.

இந்த வேலைப் பிரிவினை உண்மைதான் என்று எப்படி நிரூபித்தார்கள்?

குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்த மீன்களை வளர்த்துப் பார்த்தார்கள். எல்.எச். இல்லாத ஜீப்ரா மீன், மெடாகா ஆகியவற்றின் பெண் மீன்களில் சினைப்பை நன்றாக வளர்ந்தது. கருவுணவு நிரம்பிய முட்டைகளும் இருந்தன. ஆனால் ஒரு முட்டைகூட வெளியே வரவில்லை. குளத்துக் கெண்டையின் நிலை இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒன்றில் ஹார்மோனே இல்லை, மற்றொன்றில் இருந்தும் வெளிவருவதில்லை, சினைப்பையில் இரண்டின் விளைவும் ஒன்றே. எஃப்.எஸ்.எச். இல்லாத பெண் மெடாகாவில் முட்டை வளர்ச்சியே பாதியில் நின்றுபோனது. ஜீப்ரா மீனில் அது பருவமடைவதைத் தாமதப்படுத்தியது. எல்.எச். இல்லாத ஆண் மீன்கள் இனப்பெருக்கம் செய்தன என்பது பலர் எதிர்பாராத முடிவு.

மூளை இந்தச் செல்களுக்கு எந்த வழியாக உத்தரவு அனுப்புகிறது?

பாலூட்டிகளில் மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து வரும் செய்தி ஒரு தனி இரத்தக் குழாய்த் தொகுதி வழியாகப் பிட்யூட்டரியை அடைகிறது. பெரும்பாலான எலும்பு மீன்களில் அப்படிப்பட்ட குழாய்த் தொகுதி இல்லை. மூளையின் நரம்பிழைகளே பிட்யூட்டரிக்குள் இறங்கி வந்து, ஹார்மோன் செல்களின் பக்கத்திலேயே தம் செய்தியைச் சொட்டுகின்றன. இந்தச் செய்திகளில் முதன்மையானது ஜி.என்.ஆர்.எச். என்ற பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்துண்டு. மீன்களில் இதன் வடிவங்கள் இரண்டு அல்லது மூன்று உண்டு. பிட்யூட்டரிக்கு உத்தரவிடும் வடிவம் எது என்பது மீனுக்கு மீன் மாறும். எல்.எச். செல்லின் மேற்பரப்பில் அது ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. துகள்களில் அடைபட்டிருந்த ஹார்மோன் வெளியே கொட்டுகிறது.

டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் மீனின் இனப்பெருக்கத்தைத் தடுக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பீட்டர் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களின் இறுதியிலும் 1980களிலும் தங்கமீனில் செய்த ஆய்வுகள் இதை வெளிக்கொண்டுவந்தன. மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது எல்.எச். குறையும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. மாறாக அது பெருகி வழிந்தது, மீன் முட்டையும் விட்டது. அந்தப் பகுதியிலிருந்து ஒரு தடை ஓயாமல் வந்துகொண்டிருந்தது என்பதுதான் அதன் பொருள். அந்தத் தடைதான் டோபமைன் என்று பின்னர் தெரியவந்தது. டோபமைன் நரம்பிழைகள் எல்.எச். செல்லைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருக்கின்றன, ஜி.என்.ஆர்.எச். எவ்வளவு தட்டினாலும் அந்தப் பிடி தளராதவரை கதவு முழுவதுமாகத் திறப்பதில்லை.

கெண்டை, கெளுத்தி, மடவை, விலாங்கு ஆகியவற்றில் இந்தப் பிடி வலுவானது. எல்லா மீன்களிலும் அப்படி இல்லை; பல கடல் மீன்களில் அது மிகவும் பலவீனமாகவோ இல்லாமலோ இருக்கிறது. எந்த மீனுக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்யும்போது இந்த வேறுபாடு நேரடியாகக் குறுக்கிடும்.

எஃப்.எஸ்.எச். செல்களையும் ஜி.என்.ஆர்.எச்.தான் இயக்குகிறதா?

நெடுங்காலம் அப்படித்தான் கருதப்பட்டது. 2024இல் ஜப்பானிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகள் இந்தப் படத்தை மாற்றின. மெடாகாவிலும் ஜீப்ரா மீனிலும் எஃப்.எஸ்.எச். செல்களை வலுவாக இயக்குவது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் என்று அவை காட்டின. அது புதிய பொருள் அல்ல. வயிறு நிறைந்தது என்ற செய்தியைச் சொல்லும் ஹார்மோனாக நெடுநாள் அறியப்பட்டதுதான். பசித்த மீன் சினை பிடிக்காது என்பது மீன் வளர்ப்போர் அனைவரும் கைப்பட அறிந்த உண்மை. உணவு நிலையைச் சொல்லும் ஹார்மோனே முட்டை வளர்க்கும் செல்லின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறது என்னும்போது அந்த அனுபவ அறிவுக்குச் செல் அளவில் ஒரு காரணம் கிடைக்கிறது. அண்மைக் காலத்தில் இத்துறையில் வந்த கண்டுபிடிப்புகளில் என்னை மிகவும் மகிழ்வித்தது இதுவே.

பருவமும் மழையும் பிட்யூட்டரிக்கு எப்படித் தெரிகின்றன?

பகல் நீளம், நீரின் வெப்பம், நீரோட்டம், பிற மீன்களின் அண்மை ஆகிய அனைத்தும் மூளை வழியாகவே பிட்யூட்டரியை அடைகின்றன. பகல் நீளத்தைப் பொறுத்தவரை, ஜப்பானின் மாசு சால்மனில் 2013இல் ஒரு வியப்பான செய்தி வெளியானது. ஹைப்போதலாமஸின் அடியில், பிட்யூட்டரிக்குப் பின்னால், இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சிறு பை பல மீன்களில் உண்டு. அது எதற்காக இருக்கிறது என்பது நூற்றாண்டுகளாகத் தெரியாமல் இருந்தது. அந்தப் பையே ஒளியை உணர்ந்து, பகலின் நீளத்தை ஹார்மோன் செய்தியாக மாற்றுகிறது என்றும், அதை நீக்கிவிட்டால் குறும்பகலுக்கு மறுமொழியாக நிகழ வேண்டிய விந்தக வளர்ச்சி நின்றுவிடுகிறது என்றும் கண்டறிந்தார்கள்.

பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போடும் முறை எப்போது தொடங்கியது?

அர்ஜென்டினாவில் பெர்னார்டோ ஊசே 1930 வாக்கில் மீன் பிட்யூட்டரிச் சாற்றைக் குட்டி போடும் மீன்களில் செலுத்திப் பார்த்தார். பிரேசிலில் ரொடோல்ஃபோ ஃபான் இஹெரிங் 1930களில் இந்த முறையால் ஆற்று மீன்களை முட்டையிட வைத்தார். இந்தியாவில் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும் கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளைத் தூண்டுமுறையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அந்த நாளைத்தான் இந்தியா தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கடைப்பிடிக்கிறது. அதற்கு முன்பு குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்ததில் வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கொன்றுண்ணி மீன்களின் குஞ்சுகளும் கலந்தே வரும். எந்த மீன் குஞ்சு என்று தெரிந்து, எண்ணி வாங்கிக் குளத்தில் விடும் வசதி நமக்கு அந்த ஊசிக்குப் பிறகே கிடைத்தது.

சுரப்பியை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் ஹார்மோன் கெட்டுவிடாதா?

கெடாது. நீர் கலவாத ஆல்கஹால் சுரப்பியின் ஈரத்தையும் கொழுப்பையும் இழுத்துவிடும். ஹார்மோனைச் சிதைக்கும் நொதிகள் முடங்கிவிடும். சர்க்கரை பொருந்திய புரதங்களான எல்.எச்.ஐயும் எஃப்.எஸ்.எச்.ஐயும் ஆல்கஹால் கரைப்பதில்லை. ஒரு நாள் கழித்து ஆல்கஹாலை மாற்றி, நிறமுள்ள புட்டியில் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம். தேவைப்படும்போது சுரப்பியை உலரவிட்டு எடைபோட்டு, காய்ச்சி வடித்த நீரில் அரைத்துத் தெளிவை மட்டும் எடுத்தால் ஹார்மோன் நீரில் கரைந்து வந்துவிடும். எந்த மீனிலிருந்து சுரப்பியை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். முட்டையிட்டு முடித்த மீனின் சுரப்பியில் எல்.எச். கிடங்கு காலியாகியிருக்கும், முட்டையிடும் பருவத்தை நெருங்கிய முதிர்ந்த மீனின் சுரப்பியே வீரியமானது.

பெண் மீனுக்கு ஏன் இரண்டு தவணையாகப் போடுகிறார்கள்?

பெருங்கெண்டைகளுக்கு முதல் தவணையாகக் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராமும், சுமார் 6 மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராமும் சுரப்பிச் சாறு கொடுப்பது வழக்கம். முதல் தவணை முட்டைகளை ஏறத்தாழ ஒரே நிலைக்குக் கொண்டுவந்து, உட்கருவை ஓரத்துக்கு நகர்த்துகிறது. இரண்டாவது தவணை இறுதி முதிர்ச்சியையும் முட்டை வெளியேற்றத்தையும் நிகழ்த்துகிறது. ஆண் மீனுக்கு இரண்டாம் தவணையின்போது 2 முதல் 3 மில்லிகிராம் ஒருமுறை போதும்.

ஓவாப்ரிம் போன்ற ஆயத்த மருந்துகள் பிட்யூட்டரிச் சாற்றிலிருந்து எப்படி வேறுபடுகின்றன?

சாற்றை ஊசியில் ஏற்றும்போது நாம் வேறொரு மீனின் எல்.எச்.ஐக் கொண்டுவந்து இந்த மீனின் சினைப்பையிடம் நேராகக் கொடுக்கிறோம். இந்த மீனின் பிட்யூட்டரிக்கு அதில் வேலை இல்லை. ஆயத்த மருந்தோ இந்த மீனின் பிட்யூட்டரியையே வேலை செய்ய வைக்கிறது. ஓவாப்ரிம் ஒரு மில்லிலிட்டரில் சால்மன் வகை ஜி.என்.ஆர்.எச்.இன் மாற்று வடிவம் 20 மைக்ரோகிராமும், டோபமைனின் பிடியை அகற்றும் டோம்பெரிடோன் 10 மில்லிகிராமும் உள்ளன. இயற்கையான ஜி.என்.ஆர்.எச். உடலில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் ஆறாவது இடத்திலும் வால் பக்கத்திலும் செய்த மாற்றங்கள் அதை நெடுநேரம் நிலைக்கச் செய்கின்றன. ஒன்று கதவைத் தள்ளுகிறது, மற்றது தாழ்ப்பாளை நீக்குகிறது. சீனாவின் லின் ஹவோரானும் பீட்டரும் இணைந்து உருவாக்கியதால் இந்த இரட்டை முறைக்கு லின்பே முறை என்ற பெயர் வந்தது. இருபாலுக்கும் ஒரே தவணை போதும் என்பதால் மீனைப் பிடித்துத் துன்புறுத்துவதும் பாதியாகிறது.

சினை முற்றாத மீனுக்கு அதிக அளவில் ஊசி போட்டால் முட்டையிடுமா?

இடாது. பொரிப்பகங்களில் அதிகப் பணமும் அதிக மீன்களும் வீணாவது இந்த நம்பிக்கையால்தான் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஊசி செய்வது எல்.எச். செல்லின் வேலையை மட்டும். அதற்கு முன் எஃப்.எஸ்.எச். செல்கள் மாதக் கணக்கில் செய்து முடித்திருக்க வேண்டிய வேலைக்கு ஊசியில் மாற்று இல்லை. கருவுணவு நிரம்பாத முட்டையின் உறைச் செல்களில் எல்.எச்.ஐ ஏற்கும் ஏற்பிகளே போதிய அளவில் தோன்றியிருக்காது. அத்தகைய சினைப்பைக்கு எவ்வளவு எல்.எச். வந்தாலும் செய்தி போய்ச் சேராது. அளவைக் கூட்டக் கூட்ட, அரைகுறையாக முதிர்ந்த முட்டைகள் கட்டியாக வெளிவரலாம், முட்டைத் திரள் கழிவாயை அடைத்துக்கொள்ளலாம், மீன் சாகலாம். அளவைக் கூட்டுவதற்குப் பதில், மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே தாய் மீன்களைக் குறைந்த எண்ணிக்கையில் விட்டு, நல்ல புரதத் தீனி கொடுத்து, நீரை அவ்வப்போது மாற்றிப் பராமரிப்பதில் செலவிடுவதே பலன் தரும்.

சினை முற்றிவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வது?

வயிறு புடைத்து மிருதுவாக இருப்பதும், கழிவாய் தடித்துச் சிவந்திருப்பதும் வழக்கமான அடையாளங்கள். தீனி தின்ற வயிறும் கொழுத்த வயிறும் இதேபோல் ஏமாற்றும் என்பதால், மெல்லிய குழாயைக் கழிவாய் வழியே செலுத்திச் சில முட்டைகளை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆல்கஹால் ஆறு பங்கு, ஃபார்மலின் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த திரவத்தில் முட்டைகளைப் போட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால், முட்டை கண்ணாடி போலத் தெளிந்து உட்கரு தனியாகத் தெரியும். உட்கரு பெரும்பாலான முட்டைகளில் நட்டநடுவில் இருந்தால் மீனைத் திரும்பக் குளத்தில் விட்டுவிடலாம். ஓரத்தை நோக்கி நகர்ந்திருந்தால் ஊசிக்குத் தயார். உட்கருவே காணவில்லை, முட்டை ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் சிதைவு தொடங்கிவிட்டது.

ஆண் மீனில் இதே செல்கள் என்ன செய்கின்றன?

எஃப்.எஸ்.எச். விந்தகத்தின் தொடக்க வளர்ச்சியிலும், எல்.எச். ஆண் ஹார்மோன்களைப் பெருக்கி விந்துத் திரவத்தை நீர்க்கச் செய்வதிலும் பங்கேற்கின்றன. மீன்களுக்குள் இன்னொரு நுட்பமான தொடர்பும் இருக்கிறது. பெண் தங்கமீனில் எல்.எச். பொங்கும்போது உருவாகும் டி.எச்.பி. நீரிலும் கசிகிறது. அதை முகர்ந்த ஆண் மீனின் பிட்யூட்டரி தன் எல்.எச்.ஐ வெளியிட, முட்டை வருவதற்கு முன்பே விந்து தயாராகிவிடுகிறது. ஒரு மீனின் பிட்யூட்டரி நீர் வழியாக இன்னொரு மீனின் பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்புகிறது என்றே இதைச் சொல்லலாம்.

கடல், உவர்நீர் மீன்களுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்று, மருந்து வேறு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவை இனப்பெருக்கம் செய்ய வைத்தபோது பயன்பட்டது ஜி.என்.ஆர்.எச்.இன் மாற்று வடிவம். டோபமைன் தடை அங்கே பெரிய சிக்கலாக இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் கடல் விராலுக்குக் கொடுத்தது எச்.சி.ஜி.; கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பெறப்படும் இந்த ஹார்மோன் மீனின் எல்.எச். ஏற்பியிலும் பொருந்துகிறது.

மிகக் கடினமானது விலாங்கு. அதன் டோபமைன் பிடி கடலுக்குப் பயணம் புறப்படும் நிலையிலும் தளர்வதில்லை. சினைப்பையும் அப்போது தொடக்க நிலையில்தான் இருக்கும். ஆகவே ஜப்பானில் வாரந்தோறும் சால்மன் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்தி, எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டின் வேலையையும் வெளியிலிருந்தே செய்ய வேண்டியிருந்தது. 1973இல் முதல் குஞ்சுகள் பொரிந்தன. அப்படிப் பிறந்த விலாங்குகளிலிருந்து அடுத்த தலைமுறையைப் பெறுவதற்கு 2010 வரை ஆனது.

பிட்யூட்டரியின் மற்ற செல்கள் இனப்பெருக்கத்தில் தலையிடுகின்றனவா?

தலையிடுகின்றன. வலையில் துள்ளவிட்டு, காற்றில் நெடுநேரம் பிடித்து, நெரிசலான தொட்டியில் அடைத்தால் ஏ.சி.டி.எச். செல்கள் கிளர்ந்து கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் உயரும். அது முட்டை வளர்ச்சியையும் முதிர்ச்சியையும் பாதிக்கும். ஊசி சரியாக இருந்தும் பலிக்காத பல நேர்வுகளில் காரணம் இங்கே இருக்கலாம். புரோலாக்டின் நன்னீரில் உப்புச் சமநிலையைக் காப்பதோடு, சில மீன்களில் குஞ்சு பேணும் நடத்தையிலும் பங்கு கொள்கிறது.

திலேப்பியாவுக்கும் சாதாக் கெண்டைக்கும் ஊசி தேவையில்லையே, ஏன்?

அவை தேங்கிய நீரில் முட்டையிடப் பழகியவை. குளமே அவற்றின் மூளைக்குப் போதுமான செய்தியைத் தந்துவிடுகிறது.

ஊசி போட்டு முட்டையிட்ட தாய் மீனை அதே ஆண்டில் மறுபடியும் பயன்படுத்தலாமா?

பெருங்கெண்டைகளில் முடியும். முட்டையிட்ட மீனைக் காயமில்லாமல் குளத்துக்குத் திருப்பி, நல்ல தீனி கொடுத்தால், ஒன்றரை முதல் இரண்டு மாதங்களில் அது மீண்டும் சினை பிடிக்கும். அதற்கு முன் வயிறு சற்றுப் புடைத்திருப்பதைப் பார்த்து ஊசியை எடுக்கக் கூடாது. அந்த இடைவெளி எஃப்.எஸ்.எச். செல்கள் அடுத்த தொகுதி முட்டைகளுக்குக் கருவுணவு சேர்க்கும் காலம். குழாயால் முட்டை எடுத்து, உட்கரு நகரத் தொடங்கிவிட்டதைப் பார்த்த பிறகே அடுத்த ஊசியைப் போட வேண்டும்.